சக்கரமும் முறையும்: 'சுழற்சி' என்னுஞ் சொல்லின் வரலாறு

ஒரு சொல்லின் வரலாறு பல வேளைகளில் ஒரு கருத்தின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. 'சுழற்சி' என நாம் தமிழில் வழங்கும் சொல்லையும், அதற்கு நிகராக ஆங்கிலத்தில் வழங்கும் 'ரொட்டேசன்' என்னும் சொல்லையும் இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பூமி தன் அச்சிற் சுழல்கின்றது என்பர் புவியியல் ஆசிரியர். ஒரு நிலத்தில் ஒரே பயிரை ஆண்டுதோறும் இடாது மாற்றி மாற்றி இடுதலைப் பயிர்ச் சுழற்சி என்பர் விவசாயப் போதனாசிரியர். மருத்துவமனைத் தாதியர் சுழற்சி முறையிற் கடமைக்கு வருகின்றனர். சபைகள் சிலவற்றின் தலைமைப் பதவி உறுப்பினரிடையே சுழன்று வருகின்றது. கோளின் இயக்கமும், குடியானவனின் உழவும், பதவியின் கைமாற்றமும் ஒரே சொல்லால் வழங்கப்பெறுதல் எவ்வாறு நேர்ந்தது? இச்சொல் முதலில் ஒரு பொருளையும், பின்னர் ஓர் இயக்கத்தையும், இறுதியில் ஓர் அறமுறையையும் குறிக்க வந்தவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

தேரும் சக்கரமும்

'ரொட்டேசன்' என்பதன் அடிச்சொல் 'ரோட்டா' என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் சக்கரம் என்பதேயாம். இதனோடு ஒரே வேரிற் பிறந்த சொற்கள் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் காணப்படுகின்றன. சேர்மன் மொழியிற் சக்கரத்தைக் குறிக்கும் 'ராட்' என்பதும், வடமொழியில் தேரைக் குறிக்கும் 'ரத' என்பதும் அத்தகையன. இலத்தீன் மொழியாளர் சக்கரத்துக்கு வழங்கிய பெயரை வடமொழியாளர் சக்கரம் பூண்ட ஊர்திக்கு ஆக்கினர். ஆகவே, நம் ஆலயங்களில் இரதோற்சவம் என்று கூறுங்கால் நாவில் எழும் 'இரதம்' என்னும் சொல், 'ரோட்டா' என்பதற்கு நெருங்கிய உறவுடையதாகும். சக்கரம் என்னும் வடசொல்லுக்கோ வேர் வேறு. அது கிரேக்கரின் 'குக்ளொஸ்', ஆங்கிலேயரின் 'வீல்' என்பவற்றோடு இனமுடையது.

ரோட்டாவின் வழித்தோன்றல்கள் எண்ணிறந்தன. சிறு சக்கரம் எனப் பொருள்படும் 'ரொட்டுலஸ்' என்னும் சொல் இடைக்கால ஐரோப்பாவில் ஏட்டுச் சுருளைக் குறிக்கலாயிற்று. பெயர்களை எழுதிய சுருள் என்னும் பொருளிலிருந்து இடாப்பைக் குறிக்கும் 'ரோல்' என்னும் சொல் பிறந்தது. நடிகன் தான் பேச வேண்டிய பகுதியை எழுதிவைத்த சுருளிலிருந்து, பாத்திரம் என்னும் பொருளில் வழங்கும் மற்றொரு 'ரோல்' பிறந்தது. கணக்கிற் களவு நேராவண்ணம் மூலச் சுருளோடு ஒப்புநோக்குதற்கு வைத்த எதிர்ச்சுருளின் பெயரிலிருந்து 'கன்ட்ரோல்' என்னும் சொல் பிறந்தது. அதிகாரத்தைக் கட்டுப்படுத்தல் என்று இன்று நாம் கூறுவது, தொடக்கத்திற் கணக்கேட்டைச் சரிபார்த்தலாகவே இருந்தது என்பதனை நினைவில் இருத்துக. இக்கட்டுரையிற் பின்னர் அது பயன்படும்.

ஊழின் உருளை

சக்கரத்தின் ஓரத்திற் குறித்த ஒரு புள்ளி மேலே எழுந்து, உச்சியை அடைந்து, கீழே இறங்கி, மீண்டும் எழும். இக்காட்சி மனித வாழ்வின் ஏற்றத்தாழ்வுகளுக்கு உவமையானதில் வியப்பில்லை. உரோமர் தம் பாக்கியத் தெய்வத்தின் கையில் ஒரு சக்கரத்தைக் கொடுத்தனர். ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அரசனின் சினத்துக்கு ஆளாகிச் சிறையிலிருந்த பொயீத்தியஸ் என்னும் அறிஞர், தத்துவத்தின் ஆறுதலைப் பற்றி எழுதிய நூலில் அச்சக்கரத்தை விரித்துக் கூறினார். உயர் பதவி வகித்துப் பின் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த அவருக்கு அவ்வுவமை வெறும் அணியன்று. இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களிலும் ஏடுகளிலும், முடிதரித்த மன்னன் சக்கரத்தின் உச்சியில் வீற்றிருப்பதும், முடியிழந்தவன் கீழே வீழ்வதும் ஓவியமாகத் தீட்டப்பெற்றன.

தமிழிலும் இதற்கு நேரான ஒரு கருத்துத் தொடர்பு உண்டு. திருக்குறளின் ஊழ் என்னும் அதிகாரத்துக்கு உரைவகுத்த பரிமேலழகர், ஊழ் என்பதன் ஒருபொருட் சொற்களுள் ஒன்றாக 'முறை' என்பதனையும் எண்ணுகின்றார். ஒன்றன்பின் ஒன்றாக வருவது முறை. வந்தே தீர்வதும் முறை. மேலை நாட்டார் சக்கரத்திற் கண்டதனைத் தமிழர் முறையிற் கண்டனர் எனலாம். இரண்டிடத்தும் மனிதன் சுழலுக்கு உட்பட்டவனேயன்றிச் சுழற்றுபவன் அல்லன். இந்நிலை மாறியதே இச்சொல்லின் பிற்கால வரலாறு.

விண்ணிற் சுழற்சி

சக்கரம் என்னும் பொருளினின்று சுழலுதல் என்னும் இயக்கம் தனியே பிரித்து எண்ணப்பட்ட துறைகளுள் தலையாயது வானவியல். கி.பி. 499 அளவில் ஆரியபடீயம் என்னும் நூலை இயற்றிய ஆரியபடர், விண்மீன்களின் நாளாந்த இயக்கம் பூமியின் சுழற்சியால் விளையும் தோற்றமே எனக் கூறினார். ஓடத்திற் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வன போலத் தோன்றும் என்பது அவர் காட்டிய உவமை. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்திற் பூமி 158,22,37,500 முறை சுழலும் என்று அவர் கணித்தார். இதனை வகுத்து நோக்கின் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் ஆகும். இன்றைய கருவிகள் கூறுவதும் இதுவே. எனினும் அவர்க்குப் பின்வந்த வராகமிகிரர் இக்கொள்கையை ஏற்றிலர். பூமி சுழலுமாயின் வானிற் பறந்த பறவைகள் தம் கூட்டுக்கு மீளல் எங்ஙனம் என்பது அவர் எழுப்பிய தடை. பிரமகுப்தரும் அதனை மறுத்தார்.

ஐரோப்பாவில் 1543ஆம் ஆண்டு கொப்பேணிக்கஸ் தம் பெருநூலை வெளியிட்டபோது அதன் தலைப்பிற் பெய்த சொல் 'ரெவலூசன்' என்பதன் இலத்தீன் வடிவமாகும். உருட்டுதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையடியிற் பிறந்த அச்சொல், அக்காலத்திற் புறப்பட்ட இடத்துக்கே மீளும் வட்டச் செலவைக் குறித்தது. நாளடைவில் இவ்விரு சொற்களும் பணியைப் பங்கிட்டுக் கொண்டன. தன் அச்சிற் சுழலுதல் 'ரொட்டேசன்' என்றும், பிறிதொன்றைச் சுற்றி வருதல் 'ரெவலூசன்' என்றும் அறிவியலில் வரையறை செய்யப்பட்டன. 1851ஆம் ஆண்டு பரிசு நகரின் பந்தியன் மண்டபத்தில், 67 மீற்றர் நீளமான கம்பியில் ஊசலைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியைப் பொதுமக்கள் கண்கூடாகக் காணும்படி செய்தார் பூக்கோ.

அரசியலிலும் இவை இரண்டும் பிரிந்தே சென்றன. 'ரெவலூசன்' 1688ஆம் ஆண்டின் ஆங்கில ஆட்சி மாற்றத்தோடும், 1789ஆம் ஆண்டின் பிரான்சிய எழுச்சியோடும் பிணைந்து, மீளுதல் என்னும் பழம்பொருளை இழந்து, தலைகீழாகப் புரட்டுதல் என்னும் பொருளைப் பெற்றது. நாம் அதனைப் புரட்சி என்கின்றோம். 'ரொட்டேசன்' என்பதோ சக்கரத்தின் இயல்பை விடாது பற்றி நின்றது. புரட்டாமலே மாற்றுதல் என்பது அதன் பொருளாயிற்று.

சொல்லுக்கு முந்திய வழக்கம்

பதவி ஒருவரிடம் நில்லாது முறையே பலரிடஞ் செல்ல வேண்டும் என்னும் வழக்கம் இச்சொல்லினும் பழமையானது. பண்டை அதென்சு நகரின் 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபைக்குப் பத்துக் குலங்களிலிருந்தும் குலத்துக்கு 50 பேராகத் திருவுளச் சீட்டின் மூலம் உறுப்பினர் தெரியப்பட்டனர். ஒவ்வொரு குலத்தவரும் ஆண்டிற் பத்திலொரு பங்குக் காலம் சபையை நடத்தினர். அவருள்ளும் ஒருவர் ஓர் இரவும் ஒரு பகலும் மட்டுமே தலைவராயிருந்து அரச முத்திரையையும் திறப்புகளையும் காத்தார். ஒருவர் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அச்சபையில் இருத்தலாகாது. கி.மு. 406இல் இவ்வாறு முறை வரப்பெற்று நடத்துநர் குழுவில் அமர்ந்திருந்தவருள் சோக்கிரதீசும் ஒருவர். கடற்போரில் வென்று மீண்ட தளபதிகளை ஒருங்கே விசாரித்துக் கொலைத்தண்டனை விதிக்க மக்கட்கூட்டம் ஆரவாரித்தபோது, அது சட்டத்துக்கு மாறானது என்று அவர் உடன்பட மறுத்தார். பதவி அவரிடம் சுழன்று வந்தது. ஆயின் அவர் பற்றி நின்ற சட்டம் சுழலவில்லை.

தமிழகத்துச் சாசனங்களிலும் இவ்வழக்கம் விளங்கித் தோன்றுகின்றது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூர்க் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இவ்வாறு அமைந்த சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றின் பதவிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டினுள் வாரியஞ் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இங்கே இரு விதிகள் ஒருங்கு நிற்றலைக் காண்க. ஒருவரே நீடித்திருத்தலாகாது என்பது ஒன்று. இறங்குபவர் கணக்குக் காட்டியே இறங்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னர்க் கூறிய எதிர்ச்சுருளும் சக்கரமும் இச்சாசனத்திற் சேர்ந்தே இயங்குகின்றன. எனினும் இதன் எல்லையையும் மறைத்தல் நேர்மையாகாது. உத்தரமேரூர்ச் சபை பிராமணர் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே அதிற் குடவோலை. அதென்சிலும் பெண்டிர்க்கும் அடிமைகட்கும் முறை வந்ததில்லை. சக்கரம் செம்மையாகச் சுழன்றது. ஆயின் அதன் வட்டம் சிறிது.

சொல் அரசியலுட் புகுந்தமை

'ரொட்டேசன்' என்னும் சொல்லையே அரசியற் கோட்பாட்டின் பெயராக நிலைநாட்டியவர் ஆங்கிலேயரான சேம்சு ஆரிங்டன். மன்னன் முதலாம் சாள்சு சிரச்சேதம் செய்யப்பட்டு, இங்கிலாந்து குடியரசாய் இருந்த காலத்தில், 1656ஆம் ஆண்டு அவர் 'ஓசியானா' என்னும் நூலை வெளியிட்டார். அதில் வரும் கற்பனைக் குடியரசின் செனற்சபையில் ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்கினர் விலக, அவர் இடத்துக்குப் புதியவர் வருவர். சபை என்றும் கலையாது. ஆயினும் அதில் எவரும் நிலைத்திரார். ஆட்சியைக் குருதியோட்டத்தோடு ஒப்பிட்டுச் சிந்தித்தவர் அவர். 1659ஆம் ஆண்டின் இறுதியில், வெசுமினிசுற்றரிலுள்ள ஒரு கோப்பிக்கடையில் அவருடைய நண்பர்கள் கூடி விவாதித்து, வாக்குப்பெட்டியில் வாக்கிட்டு முடிவுகண்டனர். அக்கழகத்தின் பெயரே 'ரோட்டா' என்பது. 1660இல் முடியாட்சி மீண்டதோடு கழகம் மறைந்தது. அடுத்த ஆண்டு ஆரிங்டன் சிறைப்பட்டார்.

அவர் கொள்கைக்கு எதிர்ப்பு, முடியாட்சியை வெறுத்த ஒருவரிடமிருந்தே வந்தது. மகாகவி மில்ற்றன் 1660இல் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில், இவ்வாறு ஆளை மாற்றும் சக்கரம் பாக்கியத் தெய்வத்தின் சக்கரத்தையே மிகவும் ஒத்திருக்கின்றது என ஐயுற்றார். ஆற்றலும் அனுபவமும் மிக்கோர் வெளியேற, ஏதுமறியாதார் உள்ளே வருவர் என்பது அவர் அச்சம். இவ்விருவரின் மாறுபாட்டில் இச்சொல்லின் திருப்புமுனை அடங்கியுள்ளது. ஊழ் சுழற்றிய சக்கரத்தை மனிதர் தாமே சட்டத்தாற் செய்து, தாமே அறிந்து சுழற்றலாம் என்பது ஆரிங்டனின் துணிபு. யார் சுழற்றினும் சக்கரம் தகுதியை அறியாது என்பது மில்ற்றனின் மறுப்பு.

அமெரிக்காவிற் கண்ட பாடம்

இவ்வழக்கு அமெரிக்க மண்ணில் நடைமுறையிற் சோதிக்கப்பட்டது. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்புச் சாசனம், ஆறாண்டில் மூன்றாண்டுக்கு மேல் ஒருவர் காங்கிரசிற் பிரதிநிதியாய் இருத்தலாகாது என விதித்தது. 1787இல் வரைந்த புதிய அரசியலமைப்பு அவ்விதியைக் கைவிட்டபோது, சனாதிபதியே வாழ்நாள் முழுதும் பதவியில் இருக்கக்கூடுமே என்று செபர்சன் கவலையுற்று எழுதினார். ஒருவர் இருமுறைக்கு மேற் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்படலாகாது என்னும் திருத்தம் 1951இலேயே சட்டமாயிற்று.

இதற்கிடையே சொல்லுக்கு ஒரு வீழ்ச்சியும் நேர்ந்தது. சனாதிபதி அன்றூ சாக்சன் 1829ஆம் ஆண்டுச் செய்தியில், அரச உத்தியோகம் எவர்க்கும் சொத்தன்று என்றும், நீடித்த பதவி மக்கள் நலனை மறக்கச் செய்யும் என்றும் கூறி, உத்தியோகத்தரை மாற்றும் கொள்கைக்குச் சுழற்சி என்னும் பெயரையே நியாயமாகக் காட்டினார். கூற்றில் உண்மை இருந்தது. நடைமுறையிலோ வென்ற கட்சி தன் ஆதரவாளர்க்குப் பதவிகளைப் பங்கிடும் வழக்கமாக அது சீரழிந்தது. 1881 யூலையில், பதவி கேட்டுப் பெறாது ஏமாந்த ஒருவன் சனாதிபதி காபீல்டைச் சுட்டான். செத்தெம்பரில் அவர் இறந்தார். 1883இல் தேர்வின் மூலம் உத்தியோகத்தரை நியமிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. உத்தரமேரூரார் சக்கரத்தோடு கணக்கேட்டையும் வைத்தனர். அமெரிக்கர் சக்கரத்தைமட்டும் வைத்து, ஐம்பதாண்டின் பின்னரே அதற்கு அச்சாணி தேடினர்.

மண்ணிற் சுழற்சி

இதே காலப்பகுதியில் இச்சொல் வயலிலும் இறங்கிற்று. இடைக்கால ஐரோப்பிய உழவர் நிலத்தை மூன்றாகப் பகுத்து ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தரிசாக விட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நோபோக்குப் பகுதியில் கோதுமை, தேர்ணிப்புக் கிழங்கு, வாற்கோதுமை, குளோவர்ப் புல் என நான்காண்டு வரிசை பரவியது. தரிசு விடுதல் ஒழிந்தது. 1730இல் அமைச்சர் பதவியை விட்டு விலகித் தம் நிலத்துக்குத் திரும்பிய தவுன்செண்டு பிரபு இம்முறையைப் பரப்பியதனால், தேர்ணிப்பு என்பதே அவர்க்குப் பட்டப்பெயராயிற்று. அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உதவுகின்றன என்னும் காரணம் 1886இல் செல்றீகல், வில்பார்த்து என்னும் சேர்மானியர் ஆய்வால் தெளிவாயிற்று. தஞ்சை வயல்களில் நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் விதைக்கும் வழக்கமும் இவ்வுண்மையையே தழுவியது. ஒரு பயிர் எடுத்ததனை மறுபயிர் ஈடுசெய்கின்றது. உரியவர் மாறினும் நிலம் வறியதாகலாகாது என்பதே இங்குச் சுழற்சியின் விதி.

நம் காலத்தில்

ஆரிங்டனின் சக்கரம் நம் நாட்டுக்கும் வந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல் அமைந்த இலங்கைச் செனற்சபையில் 30 உறுப்பினர் இருந்தனர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். ஆறாண்டுப் பதவிக்காலத்தில், ஈராண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகினர். 1971 ஒற்றோபரில் அச்சபை ஒழிக்கப்பட்டது. 1952இல் அமைந்த இந்திய மாநிலங்களவை இதே முறையில் இன்றும் இயங்குகின்றது. மலாயாவிலும் பின்னர் மலேசியாவிலுமாக 1957 முதல், ஒன்பது மாநில மன்னர் ஐந்தாண்டுக்கொருவராகப் பேரரசர் பதவியை முறையே வகிக்கின்றனர். முடியே சுழலும் இவ்வழக்கம் உலகில் அரியது.

இவற்றினும் ஆழ்ந்த மாற்றம் 1992இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமாகும். ஊராட்சி மன்றங்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கும், மக்கட்டொகைக்கேற்ற இடங்கள் தாழ்த்தப்பட்ட சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரியன என்றும், அவ்விடங்கள் தொகுதிதோறும் சுழற்சி முறையில் ஒதுக்கப்படலாம் என்றும் அது விதித்தது. உத்தரமேரூர்க் குடத்தில் எவர் பெயர் ஓலையாக விழ வழியில்லாதிருந்ததோ, அவரை நோக்கியே சக்கரம் திரும்பியது. ஆளை மாற்றுதல் என்றிருந்த சுழற்சி, வட்டத்தை அகட்டுதல் என்னும் பொருளையும் இங்குப் பெற்றது.

முறையும் கிழமையும்

இனித் தமிழ்ச் சொற்களை நோக்கி இவ்வாராய்ச்சியை நிறைவு செய்வாம். வாரம் என்பதன் வடமொழி மூலமாகிய 'வார' என்பதற்கு முறை அல்லது தவணை என்பது பொருள். பண்டைக் கணிதர் கோள்களைச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரிசைப்படுத்தி, நாளின் 24 ஓரைகளையும் அவற்றுக்கு முறையே பகிர்ந்தனர். முதலோரைக்கு உரிய கோளே நாளுக்குத் தலைவன். 24ஐ ஏழால் வகுக்க மூன்று மிஞ்சுதலால், சனியில் தொடங்கிய நாளை அடுத்து ஞாயிற்றின் நாளும், அதனையடுத்துத் திங்களின் நாளும் வருகின்றன. அவ்வந்நாளை நாம் கிழமை என்கின்றோம். கிழமை என்பதற்கு உரிமை என்பதே பொருள். வடசொல் முறை என்று கூறியதனைத் தமிழ் உரிமை என்று கூறிற்று.

முறை என்னும் தமிழ்ச்சொல்லும் தவணை, ஒழுங்கு, உறவு, நீதி எனப் பல பொருள் உடையது. அரசன் வழங்கும் நீதியைத் திருவள்ளுவர் அச்சொல்லாற் குறித்தார். நீதி கிடைக்காதவிடத்து இலங்கைத் தமிழர் செய்வது முறைப்பாடு. தன் முறை வராதவன் குறைகூறுவது இயல்பேயன்றோ?

சக்கரம் சுழலுதற்கு அச்சு நிலைத்திருத்தல் வேண்டும். பூமிக்கு அச்சும், பயிருக்கு மண்ணும், பதவிக்குச் சட்டமும் கணக்கும் அவ்வாறு நிலைத்து நிற்பன. அவை தளர்ந்தவிடத்துச் சுழற்சி ஊழின் உருளையாகவோ கொள்ளையாகவோ திரும்பிவிடும் என்பதனை வரலாறு காட்டிற்று. அச்சு உறுதியாய் இருந்தும் சிலரே ஏறத்தக்க சக்கரம் நீதியுடையதாகாது என்பதனையும் அதுவே காட்டிற்று. ஒருவர்க்குரிய முறை அவர்க்குரிய கிழமையாம். அதனை எல்லார்க்கும் வழங்குதலும், வழங்கியபின் கணக்குக் கேட்டலும் ஆகிய இரண்டும் ஒருங்கு அமையும்போதே சுழற்சி என்னுஞ் சொல் தன் முழுப்பொருளையும் எய்தும்.